தொண்டையில் ஒட்டிய கடலை மிட்டாய்

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. தள்ளிப் போட்டதற்குப் பாதிக் காரணம் சோம்பேறித்தனம். மீதிக் காரணம், இந்தக் கதையில் வில்லன் நான்தான். போன வாரம் தங்கமணியே "எழுதுங்க, நம்மள மாதிரி வெளியூர்ல கிடக்குற யாருக்காவது உதவும்" என்று அனுமதி கொடுத்துவிட்டதால், இதோ.

கொசுவத்தியைச் சுற்றிக்கொள்ளுங்கள். 2017 ஜூனில் புனே வந்தோம். எனக்கு ஹிஞ்சேவாடியில் பொட்டி தட்டும் வேலை, வீடு வாகடில். அதுவரை தங்கமணி கோவில்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். எம்.ஏ., பி.எட். தமிழ் டீச்சருக்குப் புனேயில் என்ன வேலை கிடைக்கும் என்பது ரயில் ஏறும்போதே இரண்டு பேருக்கும் தெரியும். ஆனால் அதைப் பற்றி இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. கைக்குழந்தை வேறு இருந்ததா, அதைச் சாக்காக வைத்து ஓட்டிவிட்டோம்.

2019 மழைக்காலத்தில்தான் ஆரம்பித்தது. புனே மழை தெரியுமில்லையா, நாலு மாசத்துக்குத் துணி காயாது, சுவரெல்லாம் பூஞ்சை. தங்கமணி "க்கும்... க்கும்..." என்று தொண்டையைச் செரும ஆரம்பித்தாள். சளி என்று நினைத்தோம். அத்தைக்குப் போனில் விஷயம் போக, அடுத்த வாரமே நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரு பார்சல் வந்து இறங்கியது. சித்தரத்தை, அதிமதுரம், சுக்கு, அரை கிலோ கருப்பட்டி. கூடவே கோவில்பட்டி கடலை மிட்டாய். அதில்லாமல் எங்கள் ஊரிலிருந்து எந்தப் பார்சலும் வராது. கஷாயம் தீர்ந்தது, கடலை மிட்டாய் தீர்ந்தது, செருமல் மட்டும் தீரவில்லை.

ஒரு நாள் ராத்திரி உட்காரவைத்து, சரியாகச் சொல், என்னதான் செய்கிறது என்று கேட்டேன். தமிழ் டீச்சராயிற்றே, சுத்தமாகச் சொன்னாள்.

"கடலை மிட்டாய் ஒண்ணு தொண்டைக்குழிக்குக் கீழ ஒட்டிக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்குங்க. சோறு சாப்பிடும்போது ஒண்ணும் தெரியல. சும்மா எச்சில் முழுங்கும்போதுதான் தெரியுது. அப்பப்ப எரியுது. நெஞ்சு எரியலை, இங்க எரியுது." விரலை வைத்துக் காட்டவும் செய்தாள்.

இந்த நாலு வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மூணு வருஷம் கழித்து ஒரு டாக்டருக்குத் தேவைப்பட்டது இவ்வளவுதான்.

முதலில் பக்கத்துத் தெரு குடும்ப டாக்டர். நல்ல மனிதர், மராத்தியும் இந்தியும் பேசுவார். தங்கமணிக்கு அப்போது இந்தி காய்கறிக்காரரோடு பேரம் பேசும் அளவுக்குத்தான். இங்கிலீஷ் புரியும், பேசக் கூச்சம். ஆகவே அவள் தமிழில் சொல்ல, நான் மொழிபெயர்த்தேன். என்ன மொழிபெயர்த்தேன் தெரியுமா? "டாக்டர் சாப், கலே மே குச் அட்கா ஹுவா லக்தா ஹை." தொண்டையில் ஏதோ மாட்டின மாதிரி இருக்காம். அதோடு நிறுத்தியிருந்தாலாவது பரவாயில்லை. அவர் தலையை நிமிர்த்திப் பார்த்ததும், நானாகவே சேர்த்துக்கொண்டேன்: "புது ஊர், வேலையை விட்டுட்டு வந்தா, நாள் பூரா தனியா இருக்கா. தோடா டென்ஷன் லேதி ஹை."

டென்ஷன் என்கிற வார்த்தைக்கு எந்த மாநிலத்திலும் மொழிபெயர்ப்பு வேண்டாம் பாருங்கள். தங்கமணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. டாக்டர் "ஹாஹா, ஹோதா ஹை" என்று சிரித்துக்கொண்டே பான்டோப்ரசோல் எழுதிக் கொடுத்தார்.

சோறும் எச்சிலும் வித்தியாசப்படுவதைச் சொல்லவில்லை. நெஞ்சு இல்லை, தொண்டைக்குழி என்பதையும் சொல்லவில்லை. வேண்டுமென்றே விட்டேனா என்றால், இல்லை. அதெல்லாம் முக்கியம் என்று எனக்குத் தோன்றவில்லை. எது முக்கியம் என்பதை நானே முடிவு செய்துவிட்டேன்.

அந்த வருஷக் கடைசியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எண்டோஸ்கோபி. தொண்டையில் மரத்துப்போகிற ஸ்ப்ரே அடித்து, மயக்கம் எதுவும் கொடுக்காமல் குழாயை விட்டார்கள். தங்கமணி ஓங்கரித்து, கண்ணில் தண்ணீர் கொட்டி, ஐந்தே நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டாள். ரிப்போர்ட்டில் "உணவுக்குழாய் நார்மல், இரைப்பையில் லேசான அழற்சி" என்று இருந்தது. அங்கேயும் நான்தான் மொழிபெயர்ப்பாளர். அங்கேயும் டென்ஷன் வந்தது. கேஸ் பேப்பரில் ஆங்ஸைட்டி என்று எழுதி அடிக்கோடும் போட்டுக் கொடுத்தார்கள்.

2020 மார்ச்சில் கொரோனா. அந்த வருஷம் ஒரு அப்பார்ட்மென்ட்டில் "க்கும்" என்று செருமிக்கொண்டு வாழ்வது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். லிஃப்டில் இவள் ஏறினால் மற்றவர்கள் இறங்கிக்கொண்டார்கள். சொசைட்டி வாட்ஸப் குரூப்பில் "பி விங்கில் ஒரு லேடி தொடர்ந்து இருமுகிறார்" என்று பெயர் போடாமல் ஒரு செய்தி. பி விங்கில் எத்தனை லேடி இருமுகிறார்கள்? மூன்று முறை ஆர்.டி.பி.சி.ஆர். எடுத்தோம், மூன்றும் நெகட்டிவ். அப்புறம் தங்கமணி கீழே இறங்குவதையே விட்டுவிட்டாள்.

அந்த நேரத்தில் அவளுக்கு ஒரே ஒரு சந்தோஷம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஜூமில் தமிழ் வகுப்பு. புனேயிலும் மும்பையிலும் இருக்கிற நம்மூர்க் குடும்பங்களின் பிள்ளைகள் பதினொரு பேர். சில வருஷம் கழித்து மறுபடி டீச்சர் ஆனதில் முகமே மாறிப்போயிருந்தது. ஆனால் 2021 நடுவில் இருபது நிமிஷம் பேசினாலே குரல் கம்மிவிடும். க்கும், தண்ணீர், க்கும், தண்ணீர். ஒரு ஞாயிறு பாதியிலேயே மைக்கை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அடுத்த வாரம் வகுப்பு கிடையாது என்று பெற்றோர்களுக்குச் செய்தி அனுப்பினாள். அதற்கு அடுத்த வாரமும் இல்லை.

இ.என்.டி. டாக்டரிடம் போனோம். மூக்கு வழியாகச் சின்ன கேமரா விட்டுப் பார்த்து, குரல்வளை பின்பக்கம் லேசாகச் சிவந்திருக்கிறது, ஆசிட் மேலே வருகிறது, அதே மாத்திரையைத் தொடரலாம் என்றார். நான் வழக்கம்போல என் பங்குக்கு டென்ஷனைச் சேர்த்தேன். அப்படியானால் மனநல மருத்துவர் ஒருவரையும் பார்த்துவிடுங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்.

இதில் ஒரு விஷயம். தொண்டையில் உருண்டை நிற்பது மாதிரியான உணர்வுக்கு மருத்துவத்தில் குளோபஸ் என்று பெயர். லத்தீனில் உருண்டை. பழைய பெயர் குளோபஸ் ஹிஸ்டெரிகஸ். ஹிஸ்டீரியா என்ற வார்த்தையே கர்ப்பப்பை என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அதாவது பொம்பளைங்க தொண்டையில் உருண்டை என்றால் மனசுதான் காரணம் என்று பெயரிலேயே எழுதி ஒட்டிவிட்டார்கள். 1968-ல் மால்கம்சன் என்ற டாக்டர், ஹிஸ்டெரிகஸை எடுத்துவிட்டுத் தொண்டை என்ற பொருள் வரும்படி மாற்றலாம் என்று எழுதினார். பெயர் மாறியது. என்னை மாதிரி ஆட்கள் மாறவில்லை.

மனநல மருத்துவர் செய்த முதல் வேலை, என்னை வெளியே உட்காரச் சொன்னது. முக்கால் மணி நேரம். உள்ளே தங்கமணி அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷும் இந்தியும் கலந்து தானே பேசியிருக்கிறாள். பிறகு என்னைக் கூப்பிட்டு அவர் சொன்னது: "இவங்களுக்கு வேலை போன வருத்தம் இருக்கு. அது வருத்தம், வியாதி இல்லை. தொண்டைக்கு நான் மாத்திரை தர மாட்டேன். மயக்கம் கொடுத்து நிதானமா இன்னொரு எண்டோஸ்கோபி பண்ணச் சொல்லுங்க."

வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது தங்கமணி சொன்னாள்: "அடுத்த டாக்டர்கிட்ட நீங்க பேசாதீங்க. நான் பேசிக்கிறேன்."

2022 பிப்ரவரியில் அடுத்த குடல் டாக்டர், ஒரு பெண்மணி. நான் வாயைத் திறக்கவில்லை. "ஏக் உங்லி ஸே திகாவோ" என்றார். ஒரு விரலால் காட்டு. தங்கமணி கழுத்தெலும்புகள் சேருகிற குழியில் விரலை வைத்தாள். சாப்பாடு இறங்குதா, எடை குறைஞ்சிருக்கா, ரத்தம் வந்துச்சா என்று கேட்டார். "கானா டீக் ஜாதா ஹை. தூக் நிகல்தா தப் அட்கதா ஹை" என்றாள். சோறு சரியாக இறங்குது, எச்சில் முழுங்கும்போதுதான் மாட்டுது. இலக்கணப் பிழையோடு சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான் மூணு வருஷமாக நான் முழுங்கிக்கொண்டிருந்தது.

மயக்கம் கொடுத்துச் செய்த எண்டோஸ்கோபியில், குழாயை வெளியே எடுக்கும்போது மேல் பகுதியில் நிதானமாக, நீல வெளிச்சம் போட்டுப் பார்த்திருக்கிறார். முன்பல்லிலிருந்து 17 சென்டிமீட்டரில், தொண்டைக்குச் சற்றுக் கீழே, வெளிறிய உணவுக்குழாயின் நடுவில் இரண்டு செந்நிறத் திட்டுகள். ஒன்று இரண்டு சென்டிமீட்டர் இருக்கும். சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். இன்லெட் பேட்ச் என்பார்கள், பயப்பட ஒன்றுமில்லை, இரைப்பையின் உட்சவ்வு இடம் மாறி உணவுக்குழாயில் இருக்கிறது என்றார்.

மயக்கம் தெளிந்த தங்கமணியிடம் இதைச் சொன்னபோது அவள் கேட்ட முதல் கேள்வி, "அப்ப, இருக்குல்ல?"

"இருக்கு" என்றேன். படுத்தபடியே அழுதாள். நர்ஸ் வலிக்கிறதா என்று கேட்டு ஓடிவந்தார்.

பயாப்ஸி ரிப்போர்ட் வர ஐந்து நாள் ஆகும் என்றார்கள். சும்மா இருப்பேனா? கூகுளாண்டவரிடம் உணவுக்குழாயில் இரைப்பைச் சவ்வு என்று தேடினேன். பாரெட்ஸ், புற்றுநோய் என்று வரிசையாகக் கொட்டியது. ஐந்து ராத்திரி தூக்கமில்லை. ரிப்போர்ட்டில் சந்தேகப்படும்படி எதுவுமில்லை என்று வந்த பிறகுதான் டாக்டர் புரியவைத்தார். பாரெட்ஸ் என்பது உணவுக்குழாயின் கீழ்க்கோடியில், வருஷக்கணக்காக ஆசிட் மேலே ஏறி ஏறி அங்குள்ள சவ்வு மாறிப்போவது. இடையில் வந்து சேர்வது. இது மேல்கோடியில் இருப்பது, பெரும்பாலும் பிறவியிலேயே உள்ளது. புற்றுநோயாக மாறுவது மிக மிக அபூர்வம்.

கருவில் இருக்கும்போது உணவுக்குழாயின் உட்பக்கம் முதலில் வேறு வகைச் செல்களால் ஆனதாக இருக்குமாம். அப்புறம் உணவுக்குழாய்க்கே உரிய தட்டையான செல்கள் நடுவில் தொடங்கி மேலேயும் கீழேயுமாகப் பரவி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளுமாம். மேல் நுனிக்குக் கடைசியில்தான் வரும். பெயின்டர் சுவரின் நடுவில் ஆரம்பித்து அடித்துக்கொண்டே போய், மேல் மூலையில் ஒரு கை அளவு விட்டுவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போன மாதிரி. விட்டுப்போன அந்தத் திட்டு இரைப்பைச் சவ்வாக நின்றுவிடுகிறது. அதில் ஆசிட் சுரக்கிற பரைட்டல் செல்களும் இருக்கலாம். தங்கமணிக்கு இருந்தது. இரைப்பைக்கு ஆசிட்டைத் தாங்க கெட்டியான சளிப் பூச்சு உண்டு. உணவுக்குழாய்க்கு அப்படிக் கிடையாது. ஆசிட் கீழேயிருந்து ஏறி வரவே வேண்டாம், தொண்டைக்குப் பக்கத்திலேயே சொட்டுச் சொட்டாக உற்பத்தி. எரிச்சல், உருண்டை, செருமல், கம்மிய குரல் எல்லாம் அங்கிருந்துதான்.

"நம்மள மாதிரிதாங்க. ஊரு மாறி வந்தும் பழைய வேலையையே பார்த்துக்கிட்டிருக்கு" என்றாள் தங்கமணி. டாக்டருக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னேன் (இந்த முறை வரிக்கு வரி!). அவர் சிரித்துவிட்டு, "அது எங்கேயிருந்தும் வரலை. எல்லாரும் மாறின பிறகு, மாறாம அங்கேயே தங்கிட்டது" என்றார்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1805-லேயே ஷ்மிட் என்பவர் எழுதி வைத்துவிட்டார். எண்டோஸ்கோபி ஆய்வுகளைப் பார்த்தால் 0.1 சதவீதம் பேருக்கு என்று ஒன்று சொல்கிறது, 14 சதவீதம் வரை என்று இன்னொன்று. இவ்வளவு வித்தியாசம் ஏன் என்றால், தேடுகிறவர்கள் கண்ணில்தான் படுகிறது. குழாய் உள்ளே போகும்போது அந்த இடத்தை ஒரே முழுங்கலில் தாண்டிவிடும். வெளியே வரும்போது நோயாளி ஓங்கரிப்பார், சீக்கிரம் எடுத்தால் போதும் என்று இருக்கும். அந்த நாலு சென்டிமீட்டர் பார்க்கப்படாமலே போய்விடும். முதல் டாக்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை. "எங்கே எரியுது" என்று சொல்லியிருந்தால் அவரும் அங்கே ஒரு நொடி நின்று பார்த்திருப்பாரோ என்னவோ.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தத் திட்டு இருக்கிற பெரும்பாலானவர்களுக்கு எந்தத் தொந்தரவும் கிடையாது, வைத்தியமும் வேண்டாம். தொண்டையில் உருண்டை நிற்கிற எல்லோருக்கும் இந்தத் திட்டு இருப்பதில்லை, வேறு காரணங்களும் உண்டு, மன உளைச்சலும் அதில் ஒன்று. ஆனால் சோறே மாட்டுகிறது, எடை குறைகிறது, ரத்தம் வருகிறது என்றால் இந்தக் கதையை மூடிவைத்துவிட்டு உடனே டாக்டரிடம் ஓடுங்கள். அது வேறு விஷயம்.

வைத்தியக் கதை சின்னது. மூணு வருஷமாக மாத்திரையைத் தப்பாகப் போட்டிருக்கிறோம் என்பது முதலில் தெரிந்தது. சாப்பிட்ட பிறகு போட்டுக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட்டால்தான் அந்த மாத்திரை ஒழுங்காக வேலை செய்யும். அப்படி, தினம் இரண்டு வேளை என்று எட்டு வாரம். எரிச்சல் நன்றாகக் குறைந்தது, உருண்டை கொஞ்சம்தான் குறைந்தது. அப்புறம் ஆர்கான் பிளாஸ்மா முறை. எண்டோஸ்கோபிக் குழாய் வழியாக ஆர்கான் வாயுவையும் மின்சாரத்தையும் செலுத்தி, திட்டின் மேற்பரப்பைத் தொடாமலே சுட்டுவிடுவது. எல்லோருக்கும் பலன் தரும் என்று சொல்ல முடியாது, அபூர்வமாகத் தழும்பு விழுந்து குழாய் சுருங்கலாம் என்பதையும் டாக்டர் முன்கூட்டியே சொன்னார். இந்த முறை என்னிடம் சொல்லவில்லை, தங்கமணியிடம் சொன்னார். அவள்தான் சரி என்றாள். இரண்டு தடவை செய்தார்கள். ஒவ்வொரு தடவையும் நாலைந்து நாள் தொண்டை வலி, குழைத்த தயிர்சாதம், ஆறின கஞ்சி. மூணு மாதம் கழித்துப் பார்த்தபோது அந்த இடத்தில் சாதாரணச் சவ்வு வளர்ந்து மூடியிருந்தது.

முழுக்கப் போய்விட்டதா என்றால், காரமாக மிசல் பாவ் சாப்பிட்ட அன்று லேசாகத் தெரிகிறது என்கிறாள். குரல் வந்துவிட்டது. ஞாயிறு வகுப்பு மறுபடி ஓடுகிறது. பழைய பதினொரு பேரில் நாலு பேர்தான் திரும்பி வந்தார்கள், மற்றவர்கள் கீபோர்டுக்கும் கராத்தேக்கும் போய்விட்டார்கள். அதில் அவளுக்கு இன்னும் வருத்தம்தான்.

இதில் நஷ்டம் என் மகளுக்கு. போன மாதம் படிக்கிற நேரத்தில் போனை நோண்டிக்கொண்டிருந்து மாட்டிக்கொண்டாள். என்னிடம் வந்து முறையிட்டாள்: "முன்னாடியெல்லாம் அம்மா வர்றதுக்கு முன்னாடி 'க்கும்'னு சத்தம் வரும்ப்பா. இப்ப சத்தமே இல்லாம வந்து நிக்கிறாங்க." :-)

பி.கு: எழுதி முடித்து தங்கமணியிடம் படிக்கக் கொடுத்தேன். மூன்று ஒற்றுப் பிழைகளைத் திருத்தினாள். அப்புறம் ஒரு திருத்தம்: "டென்ஷன்னு மூணு டாக்டர்கிட்ட சொன்னதா எழுதியிருக்கீங்க. எங்க அம்மாகிட்டயும் போன்ல சொன்னீங்க. பக்கத்து ரூம்லதான் இருந்தேன். அதையும் சேர்த்துக்குங்க."

சேர்த்துவிட்டேன்.